காட்டிக்கொடுக்கிற மரம்

பக்கத்து வீட்டில் கொசுவுக்காக வேப்பிலை கொளுத்தியிருந்தார்கள். அந்தக் கசப்புப் புகை ஜன்னல் வழியாக நுழைந்ததும், அடி அண்ணாமலையில் எங்கள் மல்லாட்டைக் கொல்லை, அந்த வேர்க்கடலை நிலம், கண்முன் வந்து நின்றது.

எழுபதுகளின் கடைசி. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். பூமிக்கடியில் கனிமம் தேடுகிற அதிகாரிகள் ஜீப்பில் வந்து, கொல்லை நடுவே நின்ற வேம்பில் இலை பறித்தார்கள். அங்கேயே அடுப்பு மூட்டி, இலையைச் சாம்பலாக்கிக் காகித உறையில் போட்டுக்கொண்டார்கள்.

"சாம்பல் எதுக்குங்க?" என்று கேட்டார் அப்பா.

"வேரு ஆழத்துக்குப் போகுதில்ல? அடியில செம்பு இருந்தா இலையில தெரிஞ்சிடும்."

"இருந்துச்சுன்னா?"

"கவர்மெண்ட்டு நெலத்த எடுத்துக்கும்."

ஜீப் போன புழுதி அடங்குவதற்குள் அப்பா கோடாலியை எடுத்துவிட்டார்.

"அதான் சாம்பல எடுத்துட்டுப் போயிட்டாங்களே, இனிமே வெட்டி என்ன ஆவப்போவுது?" என்று அம்மா கத்தினாள்.

"காட்டிக் குடுக்கிற மரம் நமக்கு எதுக்குடி?"

பொழுது சாயும் முன்னே வேம்பு விழுந்தது. அதன் பிறகு அம்மா வெயிலில் உட்கார்ந்துதான் கஞ்சி குடித்தாள். மழை பெய்தால் அடிமரம் துளிர்க்கும். அப்பா விடிந்ததும் போய்க் கிள்ளி எறிவார். அதிகாரிகள் திரும்பி வரவேயில்லை. கொல்லையும் பின்னால் கைமாறிப்போனது.

இப்போது வேங்கிக்காலில் என் வீட்டில், கட்டிலில் கிடந்த அப்பா அந்தப் புகையை மோந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வந்துட்டாங்களாம்மா? நம்ம மரத்துலயா பறிக்கிறாங்க?"

இந்த வீட்டில் மரமே கிடையாது. ஒரு செடி வைக்கக்கூட அவர் விட்டதில்லை.