ஒட்டியவர்தான் உரிக்க வேண்டும்

என் மாமியாருக்கு நான் வேலை தேடி அலைந்த கதை இது. சம்பளமில்லாத வேலை. மாமியார் தலையில் வேலையைக் கட்டும் மருமகள்களைப் பார்த்திருப்பீர்கள். நானோ, 'எங்கள் அத்தையை யாராவது சும்மாவாவது வைத்துக்கொள்ளுங்களேன்' என்று வீதிவீதியாகக் கேட்டேன். அப்படி என்னை அலையவிட்டது நகத்தளவே இருக்கும் ஒரு சிவப்பு ஸ்டிக்கர்.

அத்தை இருபத்தொன்பது வருடம் ஓர் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருந்தவர். தைத்து வரும் சட்டையை ட்யூப்லைட்டுக்குக் கீழே விரித்து, காலர், கை, பாக்கெட், மடிப்பு என்று கண்ணை ஓட்டுவார். தையல் விட்டிருந்தாலோ கறை இருந்தாலோ அந்த இடத்தில் அம்பு வடிவச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டுவார். அம்பின் நுனி சரியாகத் தப்பைத் தொட வேண்டும். பிறகு அந்தச் சட்டை பக்கத்திலிருக்கும் ஆல்டர் மேசைக்குப் போகும். அங்கே இருக்கும் தையல்காரர்கள் சரிசெய்து திருப்பி அனுப்புவார்கள். ஆனால் அம்பை அவர்கள் தொடக் கூடாது. ஒட்டியவர்தான் மறுபடி பார்த்து, மனம் ஒப்பினால் தன் கையால் உரித்து, 'பாஸ்' என்று சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை இப்படி. என் கணவருக்கு நாலு வயதாகும்போது அவருடைய அப்பா இறந்துவிட்டார். அதற்குப் பிறகு அவரை ஆளாக்கியது அந்த அம்புகள்தான். அதை நான் என்றைக்கும் மறந்ததில்லை, கோபத்தில் இருக்கும்போதுகூட.

ஓய்வு பெற்ற அன்று ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். அத்தை கைப்பையில் மிச்சமிருந்த அம்புத் தாள்களும் வந்தன. கடிகாரம் நாலு நிமிடம் பின்தங்கி ஓடியது. முதல் அம்பு அதற்கு.

அடுத்தது குளியலறைக் குழாய்க்கு. பிறகு சோபாவின் ஆடும் கால், குக்கரின் கைப்பிடி, ஜன்னல் கண்ணாடியின் கீறல். வாய் திறந்து ஒரு குறை சொல்ல மாட்டார். அம்பு மட்டும் இருக்கும். சொல்லித் தொலைத்தாலாவது நானும் பதிலுக்கு ஒன்று சொல்லி மனசை ஆற்றிக்கொள்ளலாம். நானோ தண்ணீர் சுத்திகரிப்பு எந்திரம் விற்கும் கம்பெனியில் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். காலையிலிருந்து மாலைவரை 'மன்னிக்கவும் சார், உடனே ஆள் அனுப்புகிறோம்' என்பதுதான் என் உத்தியோகம். வீட்டுக்கு வந்தால் அங்கேயும் ஓவர்டைம். என் கணவரிடம் முறையிட்டால், அந்த மாதிரி நேரத்தில் அவர் சுவரோடு சுவராகிவிடுவார்.

ஒரு வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு, ஆபீஸில் பக்கத்து சீட்காரி என் தோளின் பின்பக்கத்திலிருந்து எதையோ பிய்த்து எடுத்து, "இது என்னடி, காலையிலிருந்து உன் முதுகுல?" என்றாள். சிவப்பு அம்பு. தோள் தையல் அரை அங்குலம் விட்டிருந்தது. காலையிலிருந்து மூன்று மீட்டிங்கில் நான் அதோடு உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து கைப்பையை மேசைமேல் போட்ட சத்தத்திலேயே அத்தைக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். தோளைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அம்ப யாரு உரிச்சது?"

அன்றைக்குத்தான் என் கணவரிடம் தனி வீடு பார்க்கலாம் என்றேன். அவர் மறுக்கவில்லை, சந்தோஷப்படவும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே அவருடைய ஆபீஸ் பக்கத்தில் ஒரு வீடு அமைந்தது. வீட்டுக்காரர் போனில் சொல்லச் சொல்ல ஒரு சீட்டில் எழுதிக்கொண்டேன்: 'இரண்டு அறை. இரண்டு பேர். மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும்.' கீழே அவருடைய எண். சீட்டைச் சமையலறைக் காலண்டருக்குப் பின்னால் செருகினேன்.

செருகிய கையோடு அத்தையைப் பார்த்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, போர்வையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பார்க்க எதுவும் இல்லாத கண்கள் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தன. இவரைத் தனியாக விட்டால் இந்த வீட்டில் அம்பு ஒட்டவும் ஆளிருக்காது, அதைப் பார்த்துக் கோபப்படவும் ஆளிருக்காது. அந்தக் கண்ணுக்குப் பத்திலிருந்து நாலுவரை எங்கேயாவது வேலை கிடைத்துவிட்டால் நாங்கள் போகவே வேண்டாமே என்று தோன்றியது. கையில் மூன்று வாரம் இருந்தது.

முதலில் நூலகத்துக்குப் போனேன். அறிவிப்புப் பலகையில், புத்தகம் அடுக்க வாரத்தில் இரண்டு நாள் தன்னார்வலர் தேவை என்று போட்டிருந்தது. அத்தை சந்தோஷமாகக் கிளம்பினார். மதியம் நூலகர் எனக்குப் போன் செய்தார். கிழிந்த பக்கம், கழன்ற அட்டை, மழுங்கிய முதுகு என்று நூற்று நாற்பது புத்தகங்களில் அம்பு. "அம்மா சொல்றபடி பாத்தா ஷெல்ஃப்ல பாதி காலிங்க. படிக்க வர்றவங்களுக்கு நான் எதக் குடுக்கறது?" என்றார். பாவம், ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்.

அடுத்தது முதியோர் இல்லம். எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழுவில் கேட்டபோது ஒருவர் கைகாட்டிவிட்டார். பேச்சுத்துணைக்கு ஆள் வேண்டுமாம். பேச்சுத்துணையில் என்ன தப்பு வந்துவிடும் என்று தைரியமாக அனுப்பினேன். அங்கே ஒரு முன்னாள் கப்பல் சமையல்காரர், தான் புயலில் மாட்டிய கதையை எல்லோருக்கும் சொல்வாராம். இரண்டாம் நாள் அத்தை அவரிடம், "நேத்து மூணு நாள் தண்ணியில இருந்தேன்னீங்க, இன்னிக்கி அஞ்சு நாளுங்கறீங்க" என்றிருக்கிறார். மனுஷன் அதோடு கதை சொல்வதையே நிறுத்திவிட்டார். இல்லத்து மேலாளர் எனக்குப் போன் செய்து, அத்தைக்கு ஓய்வு தேவைப்படலாம் என்றார். ஓய்வு தேவைப்பட்டது எனக்குத்தான்.

மூன்றாவது இடத்தை மருந்துக்கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு காகிதம் காட்டியது. பள்ளிக்குப் பின்னால் இருந்த கூடத்தில் பழைய துணிகளைச் சேர்த்து, தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுக்கிறார்கள். பிரிக்கவும் அடுக்கவும் ஆள் தேவை. பொறுப்பாளர் ஒரு முன்னாள் லாரி டிரைவர். எல்லோரும் அவரை லாரிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். ஹாரன் இல்லாமலே வண்டி ஓட்டியிருக்கலாம், அப்படி ஒரு குரல். துணி என்றதும் எனக்கு நிம்மதி. அத்தைக்குத் தெரிந்த ஒரே உலகம் அது. மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு லாரிக்காரரின் குரல் என் போனைப் பிளந்தது. "ஏம்மா, உங்க அத்த வந்ததிலேந்து எங்ககிட்ட துணியே இல்ல. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். வாசலுக்கு இந்தப் பக்கம் அத்தை 'பாஸ்' செய்த நாற்பது உருப்படி. அந்தப் பக்கம் என் இடுப்பு உயரத்துக்கு அம்பு ஒட்டிய குவியல். நடுவில் லாரிக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"சும்மா குடுக்கற துணிம்மா. இதுல போய்க் குத்தம் பாப்பாங்களா?"

"சும்மா குடுத்தா கிழிஞ்சது குடுக்கலாமா?" என்றார் அத்தை. குரல் உயரவில்லை. "வாங்கறவங்களுக்கு உடம்பு இல்லையா?"

அப்போது நாற்பது வயதிருக்கும் ஒருவர் உள்ளே வந்தார். திங்கட்கிழமை காலையில் வாட்ச்மேன் வேலைக்கு நேர்காணலாம். வெள்ளைச் சட்டை ஒன்று வேண்டும். அவர் உடம்புக்கு ஆகும் வெள்ளைச் சட்டை அந்தக் கூடத்தில் ஒன்றுதான் இருந்தது. அதன் கையிடுக்கில் அம்பு. அவர் பரவாயில்லை என்று கையை நீட்டினார். அத்தை கொடுக்கவில்லை.

"கையத் தூக்கிக் கும்புட்டாலே கிழியும். இத ஆல்டர் டேபிளுக்கு அனுப்புங்க, அஞ்சு நிமிஷத்துல வந்துரும்."

"எந்த டேபிளு?" என்றார் லாரிக்காரர்.

அத்தை திரும்பிப் பார்த்தார். இடப்பக்கம், ஆல்டர் மேசை இருபத்தொன்பது வருடம் இருந்த அதே பக்கம். அங்கே ஒரு வெறும் சுவரும் துடைப்பமும் இருந்தன.

"அப்ப நான் யாருக்கு ஒட்டறேன்?" என்றார். எங்களிடம் கேட்டாரா, தன்னிடமே கேட்டாரா தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்களே ரெண்டு தையல் போட்டுருங்களேன் அத்தை" என்றேன்.

"எனக்குத் தைக்கத் தெரியாதும்மா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணமாகி ஆறு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறேன், இது தெரியாது. "மிஷின்ல ஒரு நாளும் உக்காந்ததில்ல. செக்கர் தைக்கக் கூடாது, டைலர் செக் பண்ணக் கூடாது. பாக்க மட்டும்தான் தெரியும்" என்றார். சொல்லும்போது தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்.

அப்போதுதான் என் மரமண்டையில் உறைத்தது. அவருக்கு அம்பு ஒட்டுவது குறை சொல்வது அல்ல. அடுத்த மேசையில் ஒருத்தி இருக்கிறாள், அவள் சரிசெய்துவிடுவாள் என்ற நம்பிக்கை. எங்கள் வீட்டில் அந்த மேசை இல்லை. நூலகத்தில் இல்லை. இங்கேயும் இல்லை. இத்தனை நாளும் நான் பாதி வேலைக்குத்தான் இடம் தேடியிருக்கிறேன்.

"உங்க ஆல்டர் டேபிள்ல யாரு இருந்தாங்க?" என்று கேட்டேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அவ வர மாட்டா. நான் ஒரே பீஸ மூணு தரம் திருப்பி அனுப்பிச்சேன்னு பேச்ச நிறுத்திட்டா. பதினோரு வருஷம் ஆச்சு."

எண் மட்டும் அத்தையின் போனில் இருந்தது. புகார்ப் பிரிவில் வாங்கிய அனுபவமெல்லாம் எதற்கு இருக்கிறது? கூப்பிட்டேன். எதிர்முனையில் அந்தத் தையல்கார அக்கா நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"அந்த அம்புக்காரியா? அவ மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னுதான் ரெண்டு வருஷம் முன்னாடியே ரிட்டையர் ஆனேன்."

"தெரியும்க்கா. ஒரு சட்டைதான். ஒருத்தருக்கு வேலை கிடைக்கணும்."

"எங்க ஒட்டியிருக்கா?"

"கையிடுக்குல."

"அவ ஒட்டினா அங்க தப்பு இருக்கும். அதுல சந்தேகம் வேண்டாம்" என்றவர், கூடம் எந்தத் தெருவில் என்று கேட்டார்.

முக்கால் மணி நேரத்தில் ஊசி நூலோடு வந்து நின்றார். அத்தையைப் பார்க்கவில்லை. சட்டையை வாங்கி, உட்புறம் திருப்பி, கையாலேயே தைத்தார். ஊசி போன வேகத்தில் எனக்குத் தலை சுற்றியது. முடித்ததும் நூலைப் பல்லால் கடித்தார். அம்பு அப்படியே இருந்தது. அதைத் தொடாமல், வேறு யார் பக்கமும் திரும்பாமல், சட்டையை நேராக அத்தை முன்னால் நீட்டினார்.

அத்தை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தார். இழுத்துப் பார்த்தார், தடவிப் பார்த்தார். சட்டை கேட்டு வந்தவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார், நேர்காணலே அதுதான் என்பதுபோல. அத்தை அம்பை உரித்தார்.

"பாஸ்."

"மொதத் தடவையேவா?" என்றார் தையல்கார அக்கா. "வயசாயிருச்சு உனக்கு. கண்ணு போச்சு."

அத்தை சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது, அடக்கவும் இல்லை. லாரிக்காரர் மட்டும் காரியத்தில் கண்ணாக, குவியலைக் காட்டி, "அப்ப இதுக்கெல்லாம் எப்ப வர்றீங்க?" என்றார்.

திங்கட்கிழமையே வந்தார். தன்னோடு பழைய தொழிற்சாலை லைனிலிருந்து இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு வந்தார். மூவருமே அத்தையின் அம்பைத் தின்று வளர்ந்தவர்கள். லாரிக்காரர் யார் வீட்டிலோ தூசி படிந்து கிடந்த இரண்டு தையல் மிஷின்களை ஏற்றிவந்து, இடப்பக்கச் சுவரோரம் போட்டார். வாய்ச்சண்டைக்குக் குறைவில்லை. ஆனால் குவியல் கண்ணெதிரே கரைந்தது. அத்தை வீட்டுக்கு வரும்போது ஆறு மணி. குக்கரைப் பார்க்கக்கூட அவருக்கு நேரமில்லை. நூலகர் கேள்விப்பட்டு, புத்தகம் ஒட்டத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று எனக்கே போன் செய்தார். விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். அது என்னவோ எனக்குப் பழகிவிட்டது.

மாதக் கடைசி நாள் மாலை, வீட்டுக்காரரைக் கூப்பிடச் சமையலறைக்குப் போய்க் காலண்டருக்குப் பின்னால் கைவிட்டேன். சீட்டு வந்தது. அதில் சிவப்பு அம்பு ஒன்று ஒட்டியிருந்தது. நுனி 'இரண்டு பேர்' என்ற இடத்தைச் சரியாகத் தொட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, வீடு வேண்டாம் என்றேன். பேனா எடுத்து 'இரண்டு பேர்' என்பதை அடித்து, மேலே 'மூன்று பேர்' என்று எழுதினேன். அம்பைத் தொடவில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு வீட்டு ஹாலுக்கு வந்து, அத்தையிடம் நீட்டினேன்.

"சரி பண்ணிட்டேன் அத்தை. பாருங்க."

வாங்கினார். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"எப்ப பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"நீ வெச்ச அன்னிக்கே. காலண்டர் கோணலா இருந்துச்சு."

அப்படியானால் நூலகத்துக்குக் கிளம்பிய காலையிலேயே அவருக்குத் தெரியும். முதியோர் இல்லத்துக்குப் போகும்போதும் தெரியும்.

"ஏன் அத்தை ஒரு வார்த்த கேக்கல?"

"ஒட்டறதுதானேம்மா என் வேல. சரி பண்றது நீதான்" என்றார்.

சீட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினார். நான் எழுதியதை விரலால் ஒருமுறை தடவினார். பிறகு நகத்தால் அம்பின் ஓரத்தைக் கிளப்பி, காகிதம் கிழியாமல் மெதுவாக உரித்து எடுத்தார்.

"கையெழுத்து கோணல்" என்றார். "பரவால்ல. பாஸ்."