சாமி ஆடு தின்ற பூ

நண்பர்களே, இன்று கொல்லிமலையில் என் ஆராய்ச்சியை ஓர் ஆடு தின்றுவிட்டது.

லண்டனில் டாக்டர் பட்டம் வாங்கிக் கப்பலில் திரும்பி, தலையும் நரைத்தாயிற்று. உத்தியோகம்தான் இல்லை. யாரும் எழுதாத ஒரு பூவைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டால் கல்லூரியில் யோசிப்பார்களாம். அந்தப் பூ சோளக்காட்டுக்கு அப்பால், கோயில் காட்டு மரமொன்றில் ஒன்றே ஒன்று பூத்திருந்தது.

பூசாரி தடுத்துவிட்டார். "இங்க இலையக்கூடக் கிள்ளக் கூடாதுங்க. தானா உழுந்தா எடுத்துக்குங்க."

மரத்தடியில் உட்கார்ந்தேன்.

"படிப்பெல்லாம் முடிஞ்சுதுன்னீங்க. அப்புறம் ஏனுங்க இன்னும் தேடிக்கிட்டிருக்கறீங்க?"

அதைத்தான் என் மனைவியும் கேட்கிறாள்.

மாலையில் பூ விழுந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நான் எழுவதற்குள் ஓர் ஆடு வந்து மென்றுவிட்டது. கையை ஓங்கினேன்.

"ஐயையோ, அடிச்சுப்போடாதீங்க! அது சாமிக்கு நேந்து உட்ட ஆடுங்க. அதை யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. அடுத்த வருசம் பூக்குமுங்க, வாங்க."

கையை இறக்கிக்கொண்டேன். எனக்கு இது பழக்கம்தான். போன வருடம் எனக்கென்று சொல்லிவைத்திருந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் பிரின்ஸ்பாலின் மைத்துனர்.

உங்கள் பூவை மேய்ந்தது எந்தச் சாமியின் ஆடு? ஒரு கார்டு போடுங்கள்.