மாறாமல் ஒசாகா போக ஒரு வழி

ஜெகதீஸ்வரனோடு குடித்தனம் நடத்தச் சிறிதேவிக்கு மலையளவு பொறுமை வேண்டியிருந்தது. மனிதர் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுபவர். ஹவுகெட்டோ பஸ் தரிப்பில் தடுமாறி நிற்பவர்களுக்கெல்லாம் எதில் ஏறி எங்கே மாறுவது என்று அழகாகச் சொல்லிக்கொடுப்பார். பெண்சாதியை ஒசாகாவுக்குக் கூட்டிப்போகத்தான் அவருக்கு வழி அகப்படவில்லை.

மகள் சாருகாவுக்கு அங்கே முதல் பிள்ளைப்பேறு. பத்தியக் கறிக்குச் சரக்கு வறுத்து இடித்து, சிறிதேவி பெட்டியும் கட்டிவிட்டாள். பிள்ளை பிறக்கும்போது மகளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

மனிதரோ வேலையால் வந்ததும் கணினிக்கு முன்னால் குந்திவிடுவார். ஹெல்சிங்கி வழியாகப் போகலாம் என்றால், மாறுவதற்கு நேரம் காணாதாம். தோஹா என்றால் காத்திருக்கும் நேரம் கூடிப்போச்சாம். டோக்கியோவில் இறங்கிப் புல்லட் ரயில் பிடிக்கச் சொன்ன ஸ்தவாங்கரில் இருக்கும் சிறிதேவியின் தம்பிக்கும் ஏச்சு விழுந்தது. ஒஸ்லோவிலிருந்து ஒசாகாவுக்கு நேரே விமானமே இல்லை. அது தெரிந்தும் தேடினார். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்ற கதைதான்.

பிள்ளை முந்திப் பிறக்கலாம் என்று சாருகா போனில் சொன்ன அன்று சிறிதேவி கணினியைப் படாரென்று மூடினாள்.

"நான் தனியப் போறன். நீங்கள் இஞ்சை இருந்து தேடுங்கோ."

அவர் மொஸ்கோக் கதையைத் தொடங்கினார். அகதியாக வந்தபோது, விமானம் மாறும் இடத்தில் "இதிலை இரு, வாறன்" என்று சொல்லிப் போன ஏஜென்ட் திரும்பி வராத கதை. கலியாண வீடுகளில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவார். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"அதுக்குப் பிறகு நான் ஒரு இடத்திலையும் மாறேல்லை, சிறி."

தாய் செத்தபோது லீவு கிடைக்கவில்லை என்று யாழ்ப்பாணம் போகாமல் இருந்தாரே, அதன் உண்மைக் காரணம் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பாவமாக இருந்தது. இத்தனை வருடம் வாய் திறக்காமல் இருந்ததற்கு ஆத்திரமும் வந்தது. கணினியைத் திறந்து ஹெல்சிங்கி வழியாக இரண்டு இருக்கைகள் எடுத்தாள்.

"மாறேக்கை என்ரை கையை விட்டிடாதை" என்றார்.

ஹெல்சிங்கியில் பிடித்த கையை அவர் ஒசாகாவில் இறங்கும்வரை விடவில்லை. பெட்டியை ஒற்றைக் கையால் இழுத்து அவளுக்குத் தோள் விட்டுப்போயிற்று. பேத்தி பிறந்தபோது சிறிதேவி மகளுக்குப் பக்கத்தில் நின்றாள்.