கொட்டாஞ்சேனையில் விழாத விண்கல்

இந்தியாவில் விண்கல் மோதி உருவான லோனார் ஏரிக்குப் போய்வந்து இந்த வலைப்பதிவில் எழுதியதிலிருந்து, விண்கல் என்றாலே நண்பர்கள் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் வெறும் கணக்காளர். சென்ற ஐப்பசியில், மழை சற்று ஓய்ந்த ஒரு சனிக்கிழமை, கூட வேலை செய்யும் நிர்மலா அழைத்தாள். கொழும்பு கொட்டாஞ்சேனையில் அவள் வீட்டு முற்றத்தில் திடீரென்று குழி விழுந்திருந்தது. உள்ளே கறுப்புக் கல். வானத்திலிருந்து வந்ததென்று அவளுடைய அப்பா தினமும் அபிஷேகம் செய்கிறாராம். வருகிற வெள்ளிக்கிழமை பூசைக்கு அந்த ஒழுங்கையில் இருக்கும் எல்லா வீட்டாரையும் அழைத்துவிட்டாராம். "ஒருக்கா வந்து பாத்திட்டு, ஓமோ இல்லையோ எண்டு சொல்லு."

மறுநாள் வெள்ளவத்தையில் காலை 8.10க்குப் புகையிரதம் ஏறினேன். கோட்டைக்கு இருபது நிமிடம். அங்கிருந்து ஓட்டோவில் மூன்று கிலோமீற்றர், 450 ரூபாய். விலாசத்தைச் சொல்லி முடிக்கவில்லை, சாரதி சிரித்தார்: "சாமிக்கல்லு வீட்டுக்குத்தானே அண்ணே? ஏறுங்க."

முற்றத்தில் பால் வாசமும் சாம்பிராணிப் புகையும். குழி லொறிச் சக்கரம் அளவு இருந்தது. "முதல் நாள் ஒரு சட்டி அளவுதான் தம்பி," என்றார் நிர்மலாவின் அப்பா. "அபிஷேகம் செய்யச் செய்ய வளருது."

'வளருது' என்ற சொல்லில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. பெரிய விண்கல் வினாடிக்குப் பல கிலோமீற்றர் வேகத்தில் வந்து மோதும்போது நிலத்தைக் குத்துவதில்லை, வெடிக்கிறது. அதிர்வு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிப் பரவுவதால், கல் சரிந்து வந்தாலும் குழி பெரும்பாலும் வட்டமாகவே அமையும். கல்லின் பெரும்பகுதி உருகி ஆவியாகிவிடும். கிளம்பிய மண் சுற்றிவர வரம்பாக நிற்கும். கைக்கு அடங்கும் கல்லென்றால் காற்றிலேயே வேகத்தை இழந்து, தன் அளவுக்கு ஒரு பள்ளம் போட்டுப் புதையும், அவ்வளவுதான். இரண்டுமே சட்டென்று முடிகிற வேலை. நாளுக்கு நாள் வளராது.

இங்கே வரம்பு இல்லை. சுற்றியிருந்த சீமெந்துத் தரையில் ஒரு பிடி மண்கூட இல்லை.

"அங்கிள், இவ்வளவு மண்ணும் எங்க போனது?"

அவர் பதிலுக்கு வாளித் தண்ணீரைக் குழிக்குள் ஊற்றினார். தேங்கவேயில்லை. "பாத்தீரே, சாமி உறிஞ்சிப்போடும்."

குனிந்து கைபேசி வெளிச்சத்தை அடித்தேன். சீமெந்துக்குக் கீழே, நாங்கள் நின்ற பக்கமாக, மண்ணே இல்லை. எல்லோரையும் வாசலுக்கு வரச் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை சனம் வருது. நான் என்ன சொல்லுறது?" என்று நிர்மலாவின் அப்பா கத்தினார்.

"அந்தச் சனம் இந்தத் தரையிலதான் நிக்கப்போகுது, அங்கிள்."

நிர்மலா வாளியைப் பறித்துவிட்டு அவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை ஆட்கள் வந்து தோண்டிப் பார்த்தபோது கீழே உடைந்த பழைய செங்கல் வடிகான். மழை தொடங்கியதை அபிஷேகம் தொடர்ந்திருக்கிறது. ஒவ்வொரு வாளியும் கொஞ்சம் மண்ணை அந்த வடிகானுக்குள் அள்ளிப்போயிருக்கிறது. சமையல் நடக்கும் குசினியின் சுவர்வரை தரைக்கு அடியில் வெறும் பொந்து.

உங்கள் வீட்டிலும் குழி விழுந்தால் முதலில் தள்ளி நில்லுங்கள். வரம்பு இருக்கிறதா, வெளியே எறியப்பட்ட மண் இருக்கிறதா என்று தூரத்திலிருந்தே பாருங்கள். தயவுசெய்து தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பிறகொரு நாள் காந்தத்துடன் போனேன். கல் இப்போது சாமி அறையில், பொட்டோடு இருக்கிறது. விண்கல்லில் பெரும்பாலும் இரும்பு இருக்கும், ஆனால் இதில் காந்தம் ஒட்டவில்லை. தரை நிரப்பப் போட்ட சாதாரணக் கருங்கல்லாக இருக்கும், வானத்திலிருந்து வந்ததல்ல என்றேன்.

"விளங்குது தம்பி," என்றார் அவர், பூவை எடுத்து அதன் தலையில் வைத்தபடி. "ஆனா இது இல்லாட்டி நீர் வந்திருப்பீரோ?"