ஏழு குச்சியான நாவல் மரம்

மலைமேல் இருக்கும் திண்ணனூர் நாடு என்ற ஊரில், தெரிந்த அக்கா ஒருவரின் மரவள்ளிக் காட்டோரம், பாறை வெடிப்பில் ஒரு நாவல் மரம். மலைக்கு ரோடு போட்ட அறுபதுகளிலேயே அது முழங்கால் உயரம்தான் என்று அக்காவின் அப்பா சொல்வாராம். இன்றைக்கும் அதே உயரம்.

என்னைப் போலத் தொட்டியில் போன்சாய் வளர்க்கிற யாருக்கும் கை பரபரக்கும்.

அக்காவும் "எடுத்துக்க கண்ணு" என்று எப்போதோ சொல்லிவிட்டார். நான்தான் மூன்று வருடமாகப் போவதும், சுற்றிச் சுற்றிப் பார்ப்பதும், திரும்பி வருவதுமாக இருந்தேன். பெயர்த்தால் பிழைக்குமா? இத்தனை காலம் பாறையோடு மல்லுக்கட்டியதை என் மொட்டை மாடிக்குக் கொண்டுவருவது நியாயமா?

ஒருவழியாக முடிவெடுத்தேன். அது அங்கேயே இருக்கட்டும். அதைச் சொல்லத்தான், 'வர்றேன்' என்று மட்டும் முந்தாநாள் போன் பண்ணிவிட்டு, இன்று மலையேறினேன்.

வெடிப்பில் அடிக்கட்டை மட்டும் இருந்தது.

"ஒத்தையாளு, பாறையில எப்படித் தோண்டுவே? அதான் நேத்தே நானே வெட்டி வெச்சுட்டேன் சாமி" என்றார் அக்கா, அத்தனை பெருமையாக. மரவள்ளி நடுவதற்கு வெட்டுவதுபோலவே சாண் சாணாக ஏழு குச்சி, நாரில் கட்டியிருந்தது. "ஈர மண்ணுல குத்தி வை. ஒண்ணு கேட்டே, ஏழு வரும்."

'நாவல் என்ன மரவள்ளியா அக்கா, குச்சியைக் குத்தினால் முளைக்க!' என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் கையில் டீ டம்ளரைக் கொடுத்துவிட்டார்.

மலையிறங்கும் காளப்பநாயக்கன்பட்டி பஸ்ஸில் அந்தக் குச்சிக்கட்டு என் மடியில். பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, அடுப்புக்குங்களா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள். 'ஆமாங்க' என்று மட்டும் கமெண்டில் எழுதாதீர்கள். அதைத்தான் சொல்லித் தொலைத்தேன்.