சேற்றில் மாட்டிய பதினொரு பேர்

என் அண்ணிக்கு ஷோரூமில் ‘பதினொன்று’ என்று பட்டப்பெயர். வைத்தவள் நான்தான். நாத்தனார் என்றாலே இப்படித்தான் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அண்ணியும் நானும் ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே ஸ்கூட்டரில் ஏறி, ஒரே ஷோரூமுக்கு வேலைக்குப் போகிறவர்கள். நான் உதிரிபாகக் கவுண்டரில் இருக்கிறேன். அண்ணி ஒன்பது வருடமாக டெலிபோன் மேசையில் இருந்தார். காதில் மாட்டும் கருவியோடு உட்கார்ந்து, “சார், உங்க வண்டி போன மார்ச்சில சர்வீஸுக்கு வந்தது, இப்ப மறுபடியும் டைம் ஆயிடுச்சு” என்று நாளைக்கு எண்பது பேரிடம் சொல்ல வேண்டும். எண்பதில் எழுபது பேர் எரிந்து விழுவார்கள். அந்த மேசைக்கு ஜன்னல்கூடக் கிடையாது.

அந்த மேசையிலிருந்து அண்ணியை எழுப்பியது ஒரு படிவம். எங்கள் கம்பெனி புதிதாக ஒரு பிக்கப் வண்டி கொண்டுவந்தது. சாலைக்காகச் செய்த வண்டி இல்லை, சாலை முடிகிற இடத்துக்காகச் செய்தது. நான்கு சக்கரமும் இழுக்கும், பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி. ஏறி உட்காரவே ஒரு முக்காலி வேண்டும், கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும், பாட்டு கேட்க வசதி இல்லை. ‘உங்கள் பகுதியில் இந்த வண்டி எத்தனை விற்கும்? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?’ என்று தலைமை அலுவலகம் கேட்டிருந்தது.

மேனேஜர் படிவத்தைப் பார்த்ததும் பேனாவைத் திறந்து சைபர் போடப் போனார். “இதை யாருங்க வாங்குவா? கல்யாணத்துக்குப் போக முடியுமா, கடைக்குப் போக முடியுமா?”

“ரெண்டு நாள் குடுங்க சார், நான் விசாரிச்சு எழுதறேன்” என்றார் அண்ணி.

விசாரிக்க அவர் போனது கிரேன்காரரிடம். பள்ளத்தில் இறங்கிய வண்டி, சேற்றில் புதைந்த வண்டி எல்லாவற்றையும் இழுத்து வெளியே போடுகிறவர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் ஒருவர்தான். அண்ணி இரண்டு டீ சொல்லி, “போன மழைக்கு யார் யாரண்ணே ரெண்டு தடவையாவது மாட்டினாங்க?” என்று கேட்டிருக்கிறார். பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் மனிதர் கொட்டித் தீர்த்துவிட்டார். மாட்டு டாக்டர், செங்கல் சூளைக்காரர், தேன்பெட்டிக்காரர் என்று பத்துப் பேர். பதினோராவது ஆளைப் பற்றி மட்டும், “மூணு தடவை மாட்டின ஆளு தங்கச்சி. ஆனா பேரைச் சொல்ல மாட்டேன். ரொம்ப மானஸ்தன்” என்று நிறுத்திக்கொண்டாராம்.

அண்ணி படிவத்தில் ‘11’ என்று எழுதினார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்ற இடத்தில், ‘சேற்றில் இரண்டு தடவையாவது மாட்டியவர்களின் எண்ணிக்கை’ என்று எழுதினார். மேனேஜர் படித்துவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார். அன்று சாயங்காலமே அனுப்ப வேண்டியிருந்ததால் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் என் பங்குக்கு, “வாங்க பதினொன்னு, வீட்டுக்குப் போகலாம்” என்றேன். மறுநாள் காவலாளிவரை அந்தப் பெயர் பரவிவிட்டது.

தலைமை அலுவலகத்தில் யாருக்கோ அந்த வரி பிடித்துப்போயிற்று. ஓட்டிக் காட்ட ஒரு மாதிரி வண்டியை அனுப்பினார்கள். கூடவே நிபந்தனை. ஆறு மாதத்துக்குள் ஆறு வண்டியாவது விற்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். விற்கிற பொறுப்பு அண்ணிக்கு. “வண்டி திரும்பிப் போனா நீங்களும் பழைய நாற்காலிக்கே போக வேண்டியதுதான்” என்று மேனேஜர் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

அண்ணி அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்த முதல் நாளை நான் மறக்க மாட்டேன். ஒன்பது வருடம் சுவரையே பார்த்து உட்கார்ந்த மனுஷி, கண்ணாடியைச் சுற்றி இறக்கிவிட்டு முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்குத்தான் எனக்கு அந்தப் பட்டப்பெயர் கொஞ்சம் உறுத்தியது.

நான்கு மாதம் ஓடியது. ஒரு வண்டிகூட விற்கவில்லை.

காரணம் அண்ணியின் பழக்கதோஷம். டெலிபோன் மேசையில் பேச்சை எப்படித் தொடங்குவார்? போன தடவை நடந்ததை ஞாபகப்படுத்தித்தானே. அதே பாணியில் பத்துப் பேருக்கும் போன் போட்டிருக்கிறார். “வணக்கம் டாக்டர். நீங்க போன மழைக்குச் சூளை பக்கம் ரெண்டு தடவை சேத்துல மாட்டினீங்களே, அதுக்குத்தான் ஒரு நல்ல வண்டி வந்திருக்கு.”

“யார் சொன்னது? நான் எங்க மாட்டினேன்? வண்டி கொஞ்சம் நின்னுச்சு, அவ்வளவுதான்!” என்று கத்திவிட்டுப் போனை வைத்தார் மாட்டு டாக்டர். சூளைக்காரர், தன் சூளைக்குப் போகும் வழியில் சேறே கிடையாது என்றார். தேன்பெட்டிக்காரர், அன்று வண்டியை ஓட்டியது தன் மைத்துனன் என்று பழியை அங்கே தள்ளினார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ஜாதி எல்லாரும். அதோடு விட்டார்களா? பத்துப் பேரும் கிரேன்காரரைப் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள். அவர் நேராக ஷோரூமுக்கு வந்து, “என் தொழிலே வாயை மூடிக்கிட்டு இழுக்கறதுதான் தங்கச்சி. நீ என் மானத்தை வாங்கிட்ட” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தால் திரும்பிக்கொள்வார்.

தப்பித்தவறி யாராவது ஓட்டிப் பார்க்க வந்தாலும் மேனேஜரின் சட்டம் ஒன்று இருந்தது. ஷோரூமில் தொடங்கி பெட்ரோல் பங்க்வரை போய்த் திரும்பி வர வேண்டும், வண்டியில் தூசி படக் கூடாது, வந்ததும் கழுவித் துடைக்க வேண்டும். அந்தச் சாலை கண்ணாடி மாதிரி இருக்கும். அதில் இந்த வண்டி கடகடவென்று குலுங்கிக்கொண்டு போகும். இறங்குகிறவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “லாரி மாதிரி இருக்கே” என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலிருக்கும் சின்னக் காரைப் பார்க்கப் போய்விடுவார்கள். நீச்சல்காரனைக் கூட்டிவந்து கூடத்தில் நடக்கவிட்டால் அவன் பெருமை யாருக்குத் தெரியும்?

ஐந்தாவது மாதம் ஒரு மத்தியானம், ஸ்டோர் ரூமில் அண்ணி எதையோ தேடிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். டெலிபோன் நாற்காலியில் போட்டு உட்கார்ந்த பழைய மெத்தையை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணி இது?”

“ஒன்னுமில்ல. எலி கடிச்சிருக்கான்னு பாத்தேன். திடீர்னு தேவைப்பட்டா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டில் நானும் அண்ணியும் நூறு விஷயத்துக்குச் சண்டை போடுவோம். குழம்பில் உப்பு, டிவி ரிமோட், என் அண்ணன் யார் பக்கம் பேசினான் என்று எதற்கும். ஆனால் அந்த மெத்தையை அவர் மறுபடி அந்த நாற்காலியில் போடுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலை என் கவுண்டருக்கு ஒரு போன்.

“பெரிய இழுவைக் கொக்கி ஒன்னு இருக்காம்மா?” கிரேன்காரர் குரல்.

“இருக்குண்ணே. யாருக்கு?”

“யாருக்கோ. ஒரு ஆளுக்கு. சூளை வளைவுக்குக் குடுத்தனுப்பும்மா.”

அவருக்குப் பின்னால் மாட்டு டாக்டரின் குரல் கணீரென்று கேட்டது. “என்னை இழுக்க வந்து நீயும் புதைஞ்சிட்ட, கொக்கியும் நிமிர்ந்துபோச்சு. இனி உன்னை யாருய்யா இழுப்பா?”

யானைக்கும் அடி சறுக்கும் என்பது இதுதான். நான் கொக்கியை எடுத்துக்கொண்டு அண்ணியிடம் ஓடினேன். அண்ணி சாவியை எடுத்தார். மேனேஜர் கதவருகே கையை விரித்துக்கொண்டு நின்றார்.

“எங்க கிளம்பிட்டீங்க? சூளை பக்கமா? வண்டி அழுக்காயிடும்!”

“ஆகட்டும் சார். ஒரு மாசத்துல திரும்பிப் போற வண்டிதானே? பிறந்ததுக்கு ஒரு தடவையாவது சேத்தைப் பாத்துட்டுப் போகட்டும்.”

மேனேஜர் கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. நானும் கொக்கியோடு தாவி ஏறிக்கொண்டேன்.

தார்ச்சாலை முடிந்ததும் அந்த வண்டியின் குணமே மாறிவிட்டது. இவ்வளவு நாள் முக்கிமுனகிய வண்டி, சேற்றைக் கண்டதும் பிறந்த வீட்டுக்கு வந்த பெண் போல உரிமையாக இறங்கிப் போனது. சூளையைத் தாண்டி வளைவில் பார்த்தால், முன்னால் மாட்டு டாக்டரின் கார் கதவுவரை புதைந்து கிடக்கிறது, அதற்கு இப்பால் கிரேன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. இரண்டு பேரும் முழங்கால்வரை சேறோடு ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எங்களைக் கண்டதும் கிரேன்காரர் முகம் செத்துவிட்டது.

‘ஐயோ, அண்ணி மறுபடி ஞாபகப்படுத்தப் போறாங்க’ என்று பயந்தேன். அண்ணி கெட்டியான மேட்டில் வண்டியை நிறுத்தி இறங்கினார். கொக்கியை நீட்டினார். பிறகு சொன்னார்:

“அண்ணே, நல்லவேளை நீங்க ரெண்டு பேரும் இங்க இருக்கீங்க. எனக்கு ஒரு உதவி பண்ணணும். இந்த வண்டி எவ்வளவு கனம் தாங்கும்னு கம்பெனியில கேட்டு நச்சரிக்கறாங்க. கட்டி இழுத்துப் பாக்க எங்ககிட்ட எதுவும் இல்ல. தப்பா எடுத்துக்கலன்னா உங்க வண்டிங்களைக் கொஞ்சம் குடுத்து உதவ முடியுமா?”

மாட்டு டாக்டர் தொண்டையைச் செருமினார். “அதுக்கென்னம்மா. ஒரு உதவின்னு கேக்கறீங்க. இழுத்துப் பாத்துக்குங்க.”

கிரேன்காரர் தன் கிரேனின் இரும்புக் கம்பியில் புதுக் கொக்கியைப் போட்டு எங்கள் வண்டியில் மாட்டினார். எங்கள் வண்டி நான்கு சக்கரத்தையும் ஊன்றிப் பிடித்துக்கொள்ள, கிரேன் தன் கம்பியைத் தானே சுற்றிச் சுற்றி மேலே ஏறி வந்தது. டாக்டரின் காரை எங்கள் வண்டியே இழுத்துப் போட்டது. எனக்கு முகமெல்லாம் சேறு, சிரிப்பை அடக்க முடியவில்லை. டாக்டர் பின்னால் இருந்த தொட்டியைத் தட்டிப் பார்த்து, “இதுல ஒரு கன்னுக்குட்டி தாராளமா நிக்குமே” என்றார், யாரும் கேட்காமலே.

இரண்டாம் நாள் அவர்தான் முதல் ஆர்டர் கொடுத்தார். ஆர்டர் படிவத்தில் ‘வாங்கும் காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. “கன்னுக்குட்டி ஏத்தன்னு போடுங்க. வேற ஒன்னும் இல்ல” என்றார். அண்ணி கண்ணிமைக்காமல் அப்படியே எழுதினார். அடுத்த வாரம் சூளைக்காரர் வந்தார். அவருக்கு உயரம் பிடித்திருந்ததாம், தூரத்திலிருந்தே சூளையைப் பார்க்கலாமாம். தேன்பெட்டிக்காரருக்கு நிறம் பிடித்துப்போயிற்று. அண்ணி யாரையும் எதையும் கேட்கவில்லை. பெட்ரோல் பங்க்வரை ஓட்டிக் காட்டுவதையும் விட்டுவிட்டார். வருகிறவர்களைச் சூளை வளைவுக்குக் கூட்டிப்போய், “வழி தப்பிடுச்சு போலிருக்கு, நீங்களே ஓட்டி வெளிய கொண்டு வாங்களேன்” என்று சாவியைக் கொடுப்பார். வண்டியைக் கழுவ வேண்டாம் என்று மேனேஜரே சொல்லிவிட்டார். சேறு காய்ந்த வண்டிதான் ஷோரூம் வாசலில் நின்று ஆள் பிடித்தது.

கடைசி நாள் ஐந்து ஆர்டர் சேர்ந்திருந்தது. வேண்டியது ஆறு. மத்தியானம் தாண்டியும் யாரும் வரவில்லை. மேனேஜர்கூட நகத்தைக் கடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தார். அண்ணி எழுந்து ஸ்டோர் ரூம் பக்கம் இரண்டு தரம் போய் வந்தார். மூன்றாவது தரம் கிளம்பியபோது நான் வழிமறித்து, “அந்த மெத்தையை நேத்தே குப்பைல போட்டுட்டேன்” என்றேன். நிஜமாகவே போட்டுவிட்டிருந்தேன்.

நாலு மணிக்குக் கிரேன்காரர் உள்ளே வந்தார். துவைத்த சட்டை, சீவிய தலை. அண்ணி எழுந்து நின்றார்.

“எல்லாருக்கும் இந்த வண்டிய வித்துட்டா நான் இனி யாரைத் தங்கச்சி இழுக்கறது?” என்றார் அவர்.

அண்ணி அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இந்த மனிதர் பிழைப்பிலல்லவா கைவைத்திருக்கிறோம்!

அவர் அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “பயந்துட்டியா? நல்ல வண்டி கிடைச்சா இவனுங்க இன்னும் ஆழமாப் போய்த்தான் மாட்டுவானுங்க. அங்கெல்லாம் என் கிரேன் வராது. எனக்கும் ஒன்னு போடு.”

அண்ணி படிவத்தை எடுத்தார். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் மரியாதையாக, “இதுல என்னண்ணே எழுதட்டும்? சாமான் ஏத்தன்னு போட்டுடவா?” என்று கேட்டார்.

கிரேன்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேனேஜர், நான், காவலாளி எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும். குரலைத் தாழ்த்தவே இல்லை.

“சேத்துல மாட்டினேன்னு எழுது. நாலு தடவை. போன மழைக்கு மூணு, இந்த மழைக்கு ஒன்னு. உன் கணக்குல பதினோராவதா ஒரு மானஸ்தன் இருந்தானே, அது நான்தான்.”