எல் என்றால் லங்கா

சண்டைக் காலம். சோதனைச் சாவடிகளில் தமிழ்ப் பெண் என்று பஸ்ஸிலிருந்து என் தங்கையை மட்டும் இறக்கி விசாரிப்பார்கள். அந்தப் பயத்திலேயே எனக்குப் பாதி உயிர் போகும். அதனால், சீனாவில் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் படிப்பிக்க அவளை அனுப்புவதாகப் பெரியப்பா மகன் சொன்னபோது கும்பிட்டேன். அவர் கண்டி டவுனில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜன்சி வைத்திருந்தார்.

விசாவில் ஒற்றை இங்கிலீஷ் எழுத்து இருந்தது.

“அண்ணே, இது என்ன எல்லு?”

“எல்லுன்னா லங்காடா. எட்டாவதோட நின்ன ஒனக்கு எதுக்கு விசா ஆராய்ச்சி?”

நானும் தங்கையும் சிரித்துவிட்டோம்.

சில வாரங்களில் தங்கை போனில் அழுதாள். பள்ளிக்குப் பொலிஸ் வந்ததாம். எல் என்பது சுற்றுலா விசாவாம். வேலைக்கு ‘இசட்’ வேண்டுமாம். அண்ணனின் கூடப்பிறந்த தங்கச்சியும் அதே பள்ளியில்தான் படிப்பித்தாள்; அவளிடம் இசட் இருந்ததாம். இவளை மட்டும் திருப்பி அனுப்புகிறார்களாம்.

ஓடிப்போய்க் கேட்டேன்.

“இசட்டுக்கு மாசக்கணக்கா அலையணும்டா” என்றார் அண்ணன். “அதுக்காகச் சொந்தத் தங்கச்சியயும் எல்லுல அனுப்ப முடியுமா?”

எங்கள் குடும்பத்தில் பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை என்று யாரும் பிரித்துப் பேசியதில்லை. எல்லாரும் அண்ணன், தங்கச்சிதான். ‘சொந்த’ என்ற சொல்லை அன்றைக்குத்தான் அவர் வாயிலிருந்து கேட்டேன்.